ஆடி மாதம் நீந்தப் போக இருந்தேன்

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் மூன்று மாதம் அந்த வீடு சொந்தமில்லை. ஆனி பிறந்து, மேற்கே மலை இருந்த இடம் தெரியாமல் மேகம் மூடி, முகத்தில் பொடிப்பொடியாகச் சாரல் விழுந்தால் போதும், அன்று சாயங்காலமே போன் அடிக்கத் தொடங்கிவிடும். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "தண்ணி விழுதா?" சென்னையிலிருந்து கேட்பார்கள், மதுரையிலிருந்து கேட்பார்கள், தூத்துக்குடியிலிருந்து கேட்பார்கள். என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவரின் மைத்துனர்கூட ஒருமுறை கேட்டார். அவர் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெளிவாகத் தெரியாது. வந்து மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. குற்றாலம் மெயின் அருவியில் கூட்டம், காலையிலேயே போய்விடுங்கள். பழைய அருவியில் பெண்களுக்கு இடம் விசாலம். ஐந்தருவியில் தண்ணீர் குறைந்தால் பெண்கள் பக்கம்தான் முதலில் நூலாகும். குழந்தைகள் இருந்தால் புலியருவி, அடி வலிக்காது. எந்த அருவியில் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர், எங்கே கார் நிறுத்தலாம், எங்கே உடை மாற்றலாம், இத்தனையும் அடுப்படியில் நின்றுகொண்டே சொல்லிவிடுவேன். ஆனால் நான் அருவிக்குப் போய் இரண்டு மூன்று சீசன் ஆகியிருக்கும். அதை யாரும் கேட்டதில்லை.

என் கணவரின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் வெளியூர் போய்விட்டார்கள். இவர் மட்டும் சுந்தரபாண்டியபுரத்தில் இருக்கிற வயலைப் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கினார். அதனால் இது எங்கள் வீடு இல்லை, எல்லோருக்கும் பொதுவான வீடு. சீசன் வீடு என்றுதான் பிள்ளைகள் சொல்லும். குளிக்கப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவார்கள், நடுங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள், வந்ததும் கொலைப்பசி. அருவியில் குளித்தவன் பசியைப் பார்க்காதவர்கள் பசியைப் பற்றிப் பேசக் கூடாது. தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்க முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை ஈரத்துணி. சாரல் காலத்தில் வெயில் கிடையாது. பட்டாசாலைக் கூடம், மாடிப்படி, சாமி அறை வாசல் வரைக்கும் கொடி கட்டி, யாருடைய உள்ளாடை யாருடைய தலைக்கு மேல் தொங்குகிறது என்ற விவஸ்தை இல்லாமல், மூன்று மாதம் ஈரத் துண்டு வாசத்திலேயே உயிர்வாழ வேண்டும். காயாத துணியை நான் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைப்பேன். ஆவி முகத்தில் அடிக்கும். எனக்குக் கிடைத்த சாரல் அதுதான்.

இப்படி எழுதினால் ஏதோ கொடுமைக்கார வீடு என்று தோன்றும். அப்படி இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதுட்டி" என்பார்கள். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு யார் மேலும் கோபப்பட ஒரு காரணம் கிடைத்ததில்லை. அதுதான் மூச்சை முட்டியது.

அருவியில் குளிப்பது வேறு, நீந்துவது வேறு என்பது என் மகள் வெளிநாடு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மகள் கணக்கில் ஆராய்ச்சி செய்ய இத்தாலிக்குப் போனாள். திரியெஸ்தே என்று ஒரு ஊர், இத்தாலியின் கிழக்கு ஓரத்தில், கடலை ஒட்டி. போன முதல் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். தலை ஈரம். பின்னால் நீலமாகக் கடல்.

"அம்மா, நான் நீந்துதேன்" என்றாள்.

"எப்பட்டி படிச்சே?"

"இங்கன எல்லாருக்கும் தெரியும்மா. எனக்கு மட்டும் தெரியலைன்னா வெக்கமா இருந்துச்சு. உங்க ஊருல பெரிய அருவி இருக்குன்னு சொல்லுதியே, உனக்கு நீந்தத் தெரியாதான்னு கேக்காங்க."

நியாயமான கேள்வி. குற்றாலத்தில் பிறந்து வளர்ந்த மாதிரிதான் அவள். ஆனால் அருவியில் நீந்த முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் வந்து உச்சந்தலையில் அடிக்கும், முதுகில் அடிக்கும். நாம் செய்ய வேண்டியது அசையாமல் நின்று வாங்கிக்கொள்வது. கொஞ்சம் சுகம் கண்டு கண்ணை மூடினால் பெண் போலீஸ் விசில் ஊதி, "நகருங்கம்மா, நகருங்க, பின்னால ஆளு நிக்குல்லா" என்பார். எனக்கும் நீந்தத் தெரியாது. என் பிறந்த வீடு ராயகிரிப் பக்கம். அங்கே கிணறுகள் உண்டு, அண்ணன்மார் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் தொட்டியில் துணி அலசினோம். குதிக்கக் கூடாது என்று யாரும் சொன்ன நினைவு இல்லை. குதிக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் எந்த இடத்தில் நீந்தினாள் என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அருவிகளைப் பற்றி நான் ஊருக்கெல்லாம் சொல்கிற மாதிரி அவள் எனக்குச் சொன்னாள். அந்த ஊரில் மணல் கிடையாதாம். ஊருக்கு வடக்கே கடலோரமாக நீளமாக ஒரு சிமென்ட் நடைபாதை. ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் கடல். சனங்கள் ஆபீஸ் முடிந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, அந்தச் சிமென்ட் தரையிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள், அலுத்தால் இரும்பு ஏணியில் இறங்கிக் கடலுக்குள் போவார்கள். இறங்கினதுமே ஆழம், அதனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது ஆகாது. இன்னும் வடக்கே போனால் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோட்டை. அதையும் தாண்டினால் செங்குத்துப் பாறை, காட்டுக்குள் படி இறங்கிப் போனால் சின்னச் சின்னக் கூழாங்கல் கரைகள். தண்ணீர் அங்கேதான் கண்ணாடி. ஏறி வரும்போது முழங்கால் கழன்றுவிடும். அந்தப் பாறைக்குக் கீழே ஒரு இடத்தில் துணியே இல்லாமல் குளிப்பார்கள் என்று சொல்லிவிட்டு, "அங்கன நான் போனதில்லம்மா" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் வளைகுடாவைத் தாண்டிப் படகில் போனால் ஒரு குட்டி ஊர், அங்கே கூட்டம் குறைவு.

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஊர் மனப்பாடம் ஆகிவிட்டது. எந்த பஸ், எந்த நிறுத்தம், எங்கே கல் கூர்மை, எங்கே நிழல். பார்க்காத ஊருக்கு வழி சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் அந்தச் சுவரைப் பற்றிச் சொன்னாள். ஊருக்குள்ளேயே, பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் கடற்கரை இருக்கிறதாம். நடுவில் வெள்ளையாக ஒரு நெட்டைச் சுவர், கரையைப் பிளந்துகொண்டு கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் போகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பக்கம் ஆண்கள். இடித்துவிடலாமா என்று எப்போதோ பேச்சு வந்தபோது, வேண்டவே வேண்டாம் என்று நின்றதே பெண்கள்தானாம்.

"நம்ம மெயின் அருவி மாதிரி" என்றேன்.

"ஆமா. ஆனா விசில் கிடையாது. ஆச்சிமாரெல்லாம் காலையில வந்து படுத்தா சாயங்காலந்தான் எந்திக்காங்க. தொந்தியும் தொடையுமா, ஒருத்தி ஒருத்திய பாக்க மாட்டா. நீ நைட்டியோட இறங்கினாக்கூட ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆழமும் இல்ல. நீ வாம்மா. நான் சொல்லித் தாரேன்."

வா என்று என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவது எப்போதும் நான்தான். அன்றைக்கு எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஐம்பதைத் தாண்டியவளுக்கு வரக் கூடாத அளவுக்கு ஆசை. கோயில் பார்க்கவோ, ஊர் பார்க்கவோ, போட்டோ எடுக்கவோ இல்லை. காலுக்குக் கீழே தரை இல்லாமல் ஒருதரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் குப்புறப் படுக்க வேண்டும், பயப்படாமல் இருந்தால் தண்ணீரே தூக்கிக்கொள்ளும் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் குளியலறையில் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து, முகத்தை அமுக்கி மூச்சு விட்டுப் பழகினேன். மத்தியானம் கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை அடித்துப் பார்த்தேன். கதவைத் தாழ் போட மறந்துவிட்டேன். வயலிலிருந்து வந்த கணவர் எட்டிப் பார்த்து, "ஏட்டி, வலிப்பா?" என்று பதறி ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "போயிட்டுதான் வாயேன்" என்றார். நல்ல மனுஷன்தான்.

போவதற்கு ஒரே ஒரு இடைஞ்சல்தான். அங்கே கடல் சூடாவது ஆனி, ஆடி, ஆவணி. மற்ற மாதங்களில் இறங்கினால் விறைத்துவிடும், குளிர்காலத்தில் ஆளைத் தூக்கும் காற்று வேறு. இங்கே அருவியில் தண்ணீர் விழுவதும் ஆனி, ஆடி, ஆவணி. அவள் நீந்துகிற மாதங்களில் நான் தோசை சுட வேண்டும். முதல் வருடம் இப்படிப் போயிற்று. இரண்டாம் வருடம் சின்ன மச்சினர் குடும்பம் சீசன் முழுக்க இங்கேயே தங்கியது. மூன்றாம் வருடம் பெரிய விசேஷம் ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் மகளிடம், "அடுத்த வருஷம் பாப்போம்ட்டி" என்றேன். போன வருடம் அவள் சொல்லிவிட்டாள். ஆராய்ச்சி முடிகிறது, ஆவணியோடு அறையைக் காலி செய்கிறாள், அடுத்த வேலை கடல் இல்லாத ஊரில்.

அந்த வருடம் ஆனி பிறந்தும் சாரல் விழவில்லை. மலை பட்டப்பகலில் துடைத்துவிட்ட மாதிரித் தெரிந்தது. மெயின் அருவியில் பாறைதான் இருந்தது. கடைக்காரர்கள் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கணவர் நாற்றங்காலை நினைத்துக் கவலையில் இருந்தார். அந்தக் கவலைக்கு நடுவிலும், "இந்த வருஷம் சாரலும் இல்ல, ஒருத்தரும் வரப் போறதில்ல. நீ போயிட்டு வந்துரு" என்றார். சென்னைக்குப் போய் விசாவுக்குக் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். விசாவும் வந்தது. ஆடி முதல் வாரம் டிக்கெட். மகள் கூழாங்கல்லில் நடக்க எனக்கு ரப்பர் செருப்பு வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பினாள்.

தென்காசியில் எல்லோரும் மேற்கே பார்த்து மழைக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் காலையில் மொட்டைமாடிக்குப் போய், மலை பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்து நிம்மதியாக இறங்கி வந்தேன். வீட்டுக்காரர் வயல் காய்கிறது, பெண்சாதி மேகத்தைப் போ போ என்கிறாள். இதை எந்தச் சாமியிடம் வாய்விட்டுக் கேட்பது? மனதுக்குள் கேட்டேன். இன்னும் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப் பெய்யட்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

பெய்துவிட்டது. ஆனி கடைசியில் ஒருநாள் விடியற்காலம் ஜன்னலைத் திறந்தால் மலை இல்லை. தெருவெல்லாம் நனைந்து, கோயில் கோபுரத்துப் பக்கமிருந்து காற்று ஆளைத் தள்ளியது. கணவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வயலுக்குப் போனார். நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு முடிவு எடுத்திருந்தேன். யார் கேட்டாலும் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சும்மா தூறல், பாறைதான் நனைந்திருக்கிறது, வந்தால் ஏமாந்துபோவீர்கள். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட ஒத்திகை பார்த்துவிட்டேன். பொய் ஒன்றும் முழுப்பொய் இல்லை, ஒரு நாள் முந்திய உண்மை.

பத்து மணிவாக்கில் போன் அடித்தது. கணவரின் அக்கா, சென்னையிலிருந்து.

"ஏட்டி, தண்ணி விழுதா?"

"நல்லா விழுது மதினி! மெயின் அருவியில பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டுட்டுல்லா விழுதாம். அஞ்சருவியில அஞ்சும் விழுது. காத்து சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கு. கிளம்பி வாங்க!"

இதைச் சொன்னது நான்தான். என் வாய்தான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தென்காசியில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, சாரல் அடிக்கிற காலையில், குற்றாலத்தில் தண்ணீர் இல்லை என்று வெளியூர்க்காரரிடம் சொல்ல முடியாது. அது தன் வீட்டில் சோறில்லை என்று சொல்கிற மாதிரி. நான் பிறந்த ஊரில் அருவி கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், தண்ணீர் குறைவுதான் என்று யாரிடமோ போனில் சொல்லி மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நம்ம ஊரை நாமளே குறை சொல்லலாமா?" என்றார். அப்போது ஏறிய பெருமை இறங்கவே இல்லை. அதற்குள் மதினி, "சரிட்டி, சனிக்கிழமை வாரோம், சம்பந்தி வீட்டுக்காரங்களும் வாராங்க" என்று வைத்துவிட்டாள்.

திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். என்னவென்று சொல்வது? தண்ணீர் விழுகிறது, ஆனால் வராதீர்கள் என்றா? வைத்துவிட்டு அரிசியை ஊறப்போட்டேன்.

சனிக்கிழமை வேன் வந்து நின்றது. மதினி, அவள் மகன் குடும்பம், சம்பந்தி வீடு, அவர்களோடு தொத்திக்கொண்டு வந்தவர்கள். டிக்கெட் செவ்வாய்க்கிழமை. அறையில் என் பெட்டி திறந்தபடி கிடந்தது. மதினிதான் பார்த்தாள்.

"என்னட்டி இது, எங்க போற?"

சொன்னேன். மதினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, சொல்லியிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோமேட்டி! போனில ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நீதான கிளம்பி வாங்கன்னே!" அதற்குப் பிறகு அவள் சொன்னது முழுக்க நல்ல வார்த்தை. "அதனால என்ன, நீ பாட்டுக்குப் போ. பிள்ளைய பாத்துட்டு வா. இத்தன பொம்பளைங்க இருக்கோம், அடுப்படிய நாங்க பாத்துக்கிடுதோம்."

அன்று சாயங்காலமே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். "இட்லி அரிசி எந்த டப்பாவில இருக்கு?" ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். "மிக்சி ஓட மாட்டேங்கே, இதுக்கு ஏதும் அடி அடிக்கணுமா?" இன்னொருத்தி. சம்பந்தி அம்மாளுக்குச் சர்க்கரை, தனிச் சாப்பாடு. மதினிக்கு முழங்கால் வலி, அடுப்படியில் நின்றால் வீங்கிவிடும், ஆனாலும் நின்றாள். நின்றுகொண்டே, "நீ கிளம்புட்டி, நான் நிப்பேன்" என்றாள். வயலில் நடவு ஆள் வந்திருந்தது. நான் போனால் தனக்கு யார் சோறு கொண்டுவருவார்கள் என்று கணவர் கேட்கவில்லை. கேட்காமல் முற்றத்தில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

மறுநாள் காலைப் பலகாரம் பரிமாறும்போது நான்தான் சொன்னேன், "இப்ப வேண்டாம்னு வச்சிட்டேன். பெறவு பாத்துக்கிடலாம்."

உடனே எல்லோருடைய முகத்திலும் ஒரு இளக்கம் வந்தது. யாரும் அதை வரவழைக்கவில்லை, தானாக வந்தது. "அதுவும் சரிதான், மழைக்காலத்தில ஃபிளைட் வேற" என்றாள் ஒருத்தி. "உன் இஷ்டம்ட்டி, எங்களுக்காகன்னு வேண்டாம்" என்றாள் மதினி, இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டே. கணவர் எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார். அந்த இளக்கத்தை நான் மறக்க மாட்டேன். யாராவது ஒருத்தர் கொஞ்சம் கூட வற்புறுத்தியிருந்தால் போயிருப்பேனோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. மாடியில் ஈரத்துணிக்கு நடுவில் நின்று கூப்பிட்டேன். காரணத்தை உள்ளபடி சொல்ல நாக்குக் கூசியது. வரச் சொன்னதே நான்தான் என்று எப்படிச் சொல்வது? அப்பாவைத் தனியாக விட முடியவில்லை, எனக்கும் தண்ணீரென்றால் கொஞ்சம் பயம், அப்படி ஒன்றும் பெரிய ஆசை இல்லை என்று அடுக்கினேன். கடைசியில் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். "ஆசை இல்லன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்லாம்மா" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. நான் சிரித்து மழுப்பினேன்.

இதில் இன்னொரு கூத்து நடந்தது. திங்கட்கிழமையே மலைக்குள் பலத்த மழை. அருவியில் வெள்ளம். எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய், கயிறு கட்டியிருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நின்று, பாறை தெரியாமல் செம்மண் நிறத்தில் குதிக்கிற தண்ணீரைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, எண்ணெய்த் தலையோடு திரும்பி வந்தார்கள். குளியலறையில் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று வாரம் முழுக்க வீட்டிலேயே கிடந்தார்கள். சீட்டு விளையாடினார்கள், பஜ்ஜி கேட்டார்கள், டி.வி. பார்த்தார்கள். என் விமானம் புறப்படுகிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வயிற்றெரிச்சல் வந்தது. இவர்களும் நனையவில்லை, நானும் நனையவில்லை. ஒரு வீடு முழுக்க ஆட்கள், நாலாபக்கமும் தண்ணீர், ஒருத்தரும் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆவணியில் மகள் வந்தாள். அறையைக் காலி செய்துவிட்டு, புது வேலைக்குப் போகும் முன்னால் பத்து நாள். தனியாக வரவில்லை. கூட ஒரு தோழி. திரியெஸ்தேயிலேயே பிறந்தவள், அந்தச் சிமென்ட் நடைபாதையில் நடக்கிறதற்கு முன்னால் நீந்தக் கற்றவளாம். மகள் அருவியைப் பற்றி அவளிடம் அவ்வளவு பெருமை அடித்திருக்கிறாள். கூட்டிக்கொண்டு போனோம், நானும் போனேன். பழைய அருவி. தண்ணீர் அளவாக விழுந்தது. அந்தப் பெண் சுடிதாரோடு பெண்கள் பக்கம் நின்று கண்ணை மூடி அடி வாங்கினாள், நன்றாகச் சிரித்தாள். வெளியே வந்து துவட்டிக்கொண்டே சுற்றும்முற்றும் பார்த்து மகளிடம் ஏதோ கேட்டாள்.

"என்னட்டி கேக்கா?"

"குளிச்சாச்சு, இனி நீந்துறதுக்கு எங்க போகணும்னு கேக்காம்மா."

எந்த அருவியில் எந்த நேரம் எவ்வளவு தண்ணீர் என்று மூன்று மாவட்டத்துக்குச் சொல்லுகிறவள் நான். மனதுக்குள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். குளத்தில் தாமரை, கால்வாயில் பாசி, கிணற்றில் ஆண் பிள்ளைகள். மகளே எதையோ சொல்லிச் சமாளித்தாள்.

வீட்டுக்கு வந்து இருவரும் அடுப்படியிலேயே தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். கணவர் வயலுக்குப் போயிருந்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தோழி அந்தச் சுவர்க் கடற்கரையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினாள். அவளுடைய அம்மா தினமும் அங்கே போவாளாம். உன் அம்மா ஏன் கடைசிவரை வரவே இல்லை, செருப்பெல்லாம் வாங்கி வைத்திருந்தாயே என்று கேட்டாள். மகள் தோசையைப் பிட்டுக்கொண்டே, ரொம்பப் பிரியமாக, "அம்மாவுக்கு வீட்டை விட்டு எங்கேயும் போகப் பிடிக்காது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியும். அவளுக்கும் அது தெரியும். மறைத்துச் சொல்லவில்லை, உண்மை என்று நம்பித்தான் சொன்னாள்.

அடுப்பை அணைத்தேன்.

"அப்படிச் சொல்லாதட்டி. எனக்குப் பிடிக்கும். எனக்கு வரணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

மகள் மென்று கொண்டிருந்ததை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஏம்மா வரல? அப்பா வேண்டாம்னாகளா?"

"இல்ல. போயிட்டு வான்னுதான் சொன்னாரு."

"அத்தை சொன்னாளா?"

"அத்தை முழங்கால் வலியோட அடுப்படியில நின்னு, நீ கிளம்புட்டின்னா."

"பின்ன யாரும்மா உன்ன போகாதன்னு சொன்னது?"

ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். மதினி, சம்பந்தி அம்மாள், காலைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். ஒருத்தர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை. மகள் முகத்தில் கோபம் வந்திருந்தால் தேவலை. அவள் எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

"ஒருத்தரும் சொல்லல" என்றேன். "ஒருத்தராவது சொல்லியிருந்தா, சண்டை போட்டுட்டாவது வந்திருப்பேன்."

அம்மா என்ன சொல்கிறாள் என்று தோழி கேட்டாள். மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் சொன்னதை அவள் தோழிக்குச் சொல்லவில்லை.